கிண்ணக்காவும் ஏலக்காரரின் பல்செட்டும்

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்குக் கிண்ணக்கா அந்த அறைக்குள் முதன்முதலாக வந்தார். கட்டிலில் மாமனார் உதடுகளை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சன்னலோரம் மருமகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு அவரை இன்னும் சற்று நேரத்தில் அழைத்துப் போக வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் பல்செட்டைக் கழற்றியாக வேண்டும் என்று நர்ஸ் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார். மாமனாரோ, காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலுக்கு யாரோ ஏதோ சொல்லிவிட்டுப் போனதுபோல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற ஏலக்காரர். பழைய நாற்காலியையும் ஓடாத கடிகாரத்தையும் குரலாலேயே விற்றுக் காட்டியவர். மேடையில் நின்று அவர் “ஒரு தரம்” என்றால் கூடத்தின் கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூடக் கையைத் தூக்கிவிடுவான் என்று சொல்வார்கள். பற்கள் விழத் தொடங்கியதும் வெளியூருக்குப் போய்ச் செட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். அது செட்டு என்று ஊருக்கே தெரியும். ஆனால் அது இல்லாத முகத்தை அவருடைய மகன்கூடப் பார்த்ததில்லை.

அந்த மகன் தானே பார்த்துத் தேர்ந்த பெண்தான் மருமகள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளிடம் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். அவள் எதிரே நிற்கும்போதே, “தண்ணி கொண்டுவரச் சொல்லு” என்பார் மகனிடம். இப்போது மகன் கப்பலில் எந்திரம் பழுதுபார்க்கப் போயிருந்தான், விடுப்புக் கிடைக்கவில்லை. இடையில் ஆள் இல்லாமற்போனதால் மாமனார் சுவரிடம் பேசக் கற்றுக்கொண்டார். “யாராவது சன்னலைச் சாத்தினா தேவலை” என்பார். சாத்துகிற ‘யாராவது’ அவள்தான்.

கிண்ணக்கா குள்ளமாக இருந்தார். சாம்பல் நிறச் சீருடை. கையிலிருந்த தட்டில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணங்கள். ஒவ்வொரு மூடியின் குமிழிலும் ஒவ்வொரு நிற நூல். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு மாமனார் எதிரில் உட்கார்ந்தார். கையைக் குழித்து வாயருகே கொண்டுபோய்த் தம்முடைய மேல்செட்டையும் கீழ்ச்செட்டையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு மூடினார். கன்னங்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன.

“இப்ப நீங்களும் நானும் ஒண்ணுதான் ஐயா,” என்றார் காற்றுக் கலந்த குரலில். “நான் காட்டினதை நீங்க வெளிய சொல்லாதீங்க. நீங்க காட்டுறதை நானும் சொல்ல மாட்டேன்.” பிறகு மருமகள் பக்கம் திரும்பி, “கண்ணு, நீ கொஞ்சம் தெருவைப் பாரு. நல்லா வேடிக்கை நடக்குது” என்றார்.

தெருவில் ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. மருமகள் அந்த லாரியையே கண்கொட்டாமல் பார்த்தாள். அவள் திரும்பியபோது பச்சை நூல் கட்டிய கிண்ணம் மூடியிருந்தது. மாமனாரின் மணிக்கட்டிலும் பச்சை நூல் ஒன்று முடிச்சிடப்பட்டிருந்தது. அவர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு பெட்டிப்பாம்பாகப் படுத்திருந்தார்.

கிண்ணக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஈறு நோயால் முப்பது வயதுக்குள்ளேயே தம் பற்களை எல்லாம் இழந்தவர். மருத்துவமனையில் அவர் முதலில் சேர்ந்தது சலவைக்கூடத்தில். மேல்மாடிகளிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். உதறினால் உள்ளிருந்து சீப்பு விழும், மூக்குக்கண்ணாடி விழும், பல்செட்டும் விழும். நோயாளிகள் தலையணை உறைக்குள் செருகி வைத்துவிட்டு மறந்துபோவார்கள். ஒரு நாள் ஓர் அம்மாளின் செட்டு உதறலில் தப்பி, விரிப்போடு கொதிநீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. வெளியே எடுத்தபோது பார்வைக்குக் குறை ஒன்றும் இல்லை. கிண்ணக்காவே அதைத் துடைத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் ஆவலாக வாயில் வைத்தார். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. சூட்டில் வளைந்த செட்டு மறுபடி வாயில் உட்காராது என்பது அன்றைக்குத்தான் கிண்ணக்காவுக்குத் தெரிந்தது.

“அந்தம்மா என்னைத் திட்டக்கூட இல்ல கண்ணு. சூப்புக் கிண்ணத்தைக் கையில வெச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க,” என்று பின்னாளில் மருமகளிடம் சொன்னார். “திட்டியிருந்தா நான் சலவையிலேயே இருந்திருப்பேன்.”

பல் கீழே வந்து விழுந்த பிறகு பிடிப்பதைவிட, மேலேயே பிடித்து நிறுத்துவது நல்லது என்று அவருக்குத் தோன்றியது. வார்டு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். கிண்ணமும் நூலும் அவரே கண்டுபிடித்த ஏற்பாடு. மருத்துவமனை லிஃப்டை இயக்குகிற அவருடைய கணவர், “ஊரார் பல்லையெல்லாம் பத்திரமா வெச்சிருக்கா, என் சாப்பாட்டு டப்பாவுக்கு மட்டும் மூடி கிடைக்கல” என்று ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம் முறையிடுவார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இலேசான காய்ச்சல் இருந்ததால் சில நாள் தங்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் மாமனார் பல்செட்டோடும் தெளிவோடும் உட்கார்ந்திருந்தவர், “அம்மாடி, அந்தச் சன்னலைச் சாத்தேன்” என்றார். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் சன்னல் கதவைப் பிடித்தபடி சிறிது நேரம் அப்படியே நின்றாள். சாத்தினால் அந்தச் சொல் வெளியே போய்விடுமோ, உள்ளே தங்குமோ என்று தெரியாதவள்போல.

அன்று மதியமே தலையில் இடி விழுந்தது.

சாப்பிடும்போது கீழ் ஈறு உறுத்தியிருக்கிறது. மருமகள் பார்க்க மூடி திறந்து கிண்ணத்தில் போட மாமனாருக்கு மனம் வரவில்லை. அவள் கை கழுவப் போன நேரத்தில் செட்டைக் கழற்றிக் காகிதக் கைத்துடைப்பில் சுற்றித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். திரும்பி வந்தவள் சுத்தக்காரி. கசங்கிய காகிதங்களையெல்லாம் தட்டில் திரட்டி, தட்டெடுக்க வந்த வண்டியில் தானே கொண்டுபோய் வைத்தாள். வண்டி சமையற்கட்டுக்கு இறங்கிப் போய்விட்டது. பச்சை நூல் கிண்ணம் காலியாக இருப்பதையும், போர்வைக்கு மேலே தெரிந்த ஒடுங்கிய கன்னத்தையும் அதற்குப் பிறகுதான் கவனித்தாள். போனது பல் மட்டுமில்லை, காலையில் கிடைத்த ‘அம்மாடி’யும் அதோடு போகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

நடைவழியில் எதிர்ப்பட்ட கிண்ணக்காவிடம் அவள் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் அவர் லிஃப்டில் ஏறிவிட்டார். சமையற்கட்டின் பின்புறம், எச்சில் கொட்டும் தொட்டிகளுக்கு முன்னால், முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு இருவரும் காகிதம் காகிதமாகப் பிரித்தார்கள். மூன்றாவது தொட்டியில் கிடைத்தது. மருமகள் உடனே அங்கிருந்த கொதிநீர்க் கெண்டியை எடுத்தாள். கிண்ணக்கா அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“சுத்தமாகும், ஆனா வளைஞ்சுபோகும். ஒரு தடவை பாத்துட்டேன் கண்ணு, போதும்.”

வார்டுக்கு வந்ததும் கழுவுதொட்டியில் பாதியளவு தண்ணீர் பிடித்து, அடியில் துணியை மடித்துப் போட்டார். கை தவறினாலும் உடையாது. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் செட்டைப் பிடித்து, மெல்லிய பிரஷ்ஷில் சாதாரண சோப்பைத் தொட்டு, ஈறைத் தொடுகிற உட்பக்கத்தை முதலில் தேய்த்தார். பற்பசை கூடாது, அது கீறும் என்றார். பிறகு பல்செட்டுக்கென்று உள்ள மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊறப் போட்டார். எச்சில் தொட்டியில் கிடந்தது; நன்றாக ஊற வேண்டும், அவசரப்படக் கூடாது.

அந்த நேரம் பார்த்து ஏலக்கூடத்து நண்பர்கள் மூவர் மாமனாரைப் பார்க்க வந்துவிட்டார்கள். விழித்துப் பார்த்த மாமனார் காகிதத்தைத் தேடினார், இல்லை. கிண்ணத்தைத் தடவினார், காலி. காலடிச் சத்தம் வாசலுக்கு வந்ததும் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு குறட்டை விட்டார். நண்பர்களோ லேசில் போகிற ஆட்களில்லை. அவருடைய குரலின் பெருமையை அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். போர்வைக்குள் அவர் வெந்துகொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் போர்வையை விலக்கி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “யாரு எடுத்தது?” என்றார். மருமகள் வாயைத் திறந்தாள். அவளை முந்திக்கொண்டு கிண்ணக்கா கிண்ணத்தோடு உள்ளே நுழைந்தார்.

“நான்தான் ஐயா எடுத்தேன். பல்லைக் காகிதத்துல சுத்துனா எனக்குப் பொறுக்காது. கழுவப் போட்டேன்.”

“கேக்காம எடுப்பியா?”

“எடுத்துட்டேனே ஐயா,” என்றார் கிண்ணக்கா.

நோயாளியின் பொருளை அவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது விதி. மாமனார் தலைமை நர்ஸை வரவழைத்துப் புகார் சொன்னார். கிண்ணக்காவைப் பழையபடி சலவைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகள் அங்கேயேதான் நின்றாள்.

மறுநாள் அவள் சலவைக்கூடத்துக்கு இறங்கிப் போனாள். ஆவிக்கு நடுவில் கிண்ணக்கா விரிப்பு உதறிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடப் போவதாக அவள் சொன்னாள். கிண்ணக்கா விரிப்பின் மறுமுனையை அவளிடம் நீட்டினார். இருவரும் சேர்த்து மடித்தார்கள்.

“புதுச் செட்டு போட்டா முதல்ல உறுத்தும், வழுக்கும். ஈறுல உக்கார நாளாகும். நடுவுல கழட்டிக் கழட்டி மாட்டுனா உக்காரவே உக்காராது. நீ இப்பதான் அந்த வீட்டுல உக்கார ஆரம்பிச்சிருக்க. நல்லா உக்காந்தப்புறம் என்ன வேணா சொல்லு.”

“உங்க வேலை போச்சே அக்கா.”

“எங்க போச்சு? மேல இருந்தது கீழ வந்திருக்கு. இங்கயும் பல்லு விழுது, பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.” பிறகு சிரித்தார். “சரி, கடன்னே வெச்சுக்க. வேணும்னா கேக்கறேன்.”

மாடியில் கிண்ணக்காவின் இடத்துக்கு வந்தவர் பற்பசையைப் பிதுக்கிப் பாத்திரம் தேய்க்கிற வேகத்தில் தேய்த்து, செட்டைச் சன்னல் விளிம்பில் காய வைத்தார். உலர்ந்துபோன செட்டு வாயில் போட்டதும் உறுத்தியது. மாமனார் முகத்தைச் சுளித்தார், சாப்பாட்டை ஒதுக்கினார். அன்று மாலை அவர் செட்டைக் கழற்றிப் போட்டதும் மருமகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். அவள் தொட்டியில் தண்ணீர் பிடித்தாள், துணியை மடித்துப் போட்டாள், உட்பக்கத்தை முதலில் தேய்த்தாள். குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து மூடினாள். ஈறைத் துடைத்துக்கொள்ள நனைத்த மெல்லிய துணியை அவர் கையில் கொடுத்தாள்.

காலையில் செட்டு வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. மாமனார் நாக்கால் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

“யாரு சொல்லிக் கொடுத்தது?”

“நீங்க கீழ அனுப்பிவெச்சவங்கதான், மாமா.”

கல்யாணமான ஏழு மாதத்தில் அவள் அவருக்கு நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “அந்தப் பல்லுத் திருடியை மேல வரச் சொல்லு. புகாரை நான் திரும்ப வாங்கிக்கறேன்” என்றார்.

கிண்ணக்கா தட்டும் கிண்ணங்களுமாகத் திரும்பி வந்தார். அவருக்கும் மாமனாருக்கும் வீடு திரும்புகிற நாள்வரை ஒரே வாக்குவாதம். மாமனார் ‘திருடி’ என்பார். கிண்ணக்கா ‘காகிதக்காரர்’ என்பார். கேட்டுக்கொண்டிருந்த நர்ஸுகள் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே போவார்கள்.

மருமகள் உண்மையைச் சொன்னது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. வீட்டுக் கழுவுதொட்டியின் முன் நின்று செட்டைத் தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். திரும்பிப் பார்த்தால், பல்லில்லாத வாயை மறைக்காமலே அவர் உட்கார்ந்திருந்தார்.

“எச்சில் தொட்டியிலயா கிடந்துச்சு?”

“மூணாவது தொட்டியில, மாமா.”

“அதாலதான் நான் மூணு வருஷமா மென்னுக்கிட்டிருக்கேனா?” என்றவர் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு, “சட்டையை எடு அம்மாடி. போய் அவளைப் பாக்கணும்” என்றார்.

வார்டு நடைவழியிலேயே கிண்ணக்காவைப் பிடித்தார்கள். வருத்தம் சொல்லி மாமனாருக்குப் பழக்கமில்லை; பேரம் பேசித்தான் பழக்கம். நிமிர்ந்து நின்று பழைய மேடைக் குரலை எடுத்தார்.

“எங்க வீட்டுக்காகக் கீழ போனே. என்ன வேணும், கேளு. ஒரு தரம்.”

கிண்ணக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

“ரெண்டு தரம்.”

நடைவழியில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கிண்ணக்கா கையிலிருந்த கிண்ணத்துக்கு நிதானமாக மூடி போட்டார். “மூணாவது தரத்தை நீங்களே வெச்சிருங்க ஐயா. வேணும்போது வந்து கேக்கறேன்.”

அதற்கு மறு ஆண்டு கிண்ணக்கா ஓய்வுபெற்று, கணவரோடு தங்கையின் ஊருக்குப் போய்விட்டார். எப்போதாவது தொலைபேசியில் கூப்பிடுவார். ஐயா செட்டை ஊறப் போடுகிறாரா, காகிதத்தில் சுற்றுகிறாரா என்று கேட்பார். மாமனார் ரிசீவரை மருமகளிடமிருந்து பிடுங்கி, “திருடி, இன்னும் என்ன வேணும்னு நீ சொல்லல” என்பார். கிண்ணக்கா, “நாளைக்குச் சொல்றேன்” என்பார். அந்தக் கடைசித் தரம் மாமனாரிடம் அப்படியே இருந்தது. கிண்ணக்கா அதைக் கேட்கவே இல்லை.