பைசல் என்பவர் யார்?

முப்பத்தோரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, இப்போது காஞ்சிபுரம் கோர்ட்டில் இலவச சட்ட உதவி மேசையில் உட்காருகிறேன். வக்கீல்கள் படித்த சட்டம் எனக்குத் தெரியாது. பத்திரம் படிக்கத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

நான் ஒரு வாரம் லீவில் இருந்தபோது ஓரிக்கை எஸ்தர் வந்திருக்கிறாள். பட்டுச்சேலைக்குக் குச்சு கட்டுகிறவள். கொத்தனாரான அப்பா இறந்ததும் வீடு அவளுக்கு வந்தது; கூடவே அடமானமும். கடனை முழுக்கக் கட்டிவிட்டதாக அப்பா சொல்லியிருந்தார். வில்லங்கச் சான்றிலோ அடமானம் அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பணத்தைக் கட்டு, இல்லையென்றால் வீட்டை எழுதிக் கொடு என்கிறார் அவர் மகன்.

அடமானப் பத்திரத்தின் அசல் எஸ்தரிடம்தான் இருந்தது. அதை எஸ்தரின் அப்பா ஜெராக்ஸ் எடுக்க வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று அந்த மகன் சாதித்தார். எங்கள் இளம் வக்கீல் கார்த்திக் பத்திரத்தைப் புரட்டியிருக்கிறார். பின்பக்கம் ஒரு சொல், அதன் கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

"பைசல்னு ஒரு சாட்சி இருக்காரு. அவரைக் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்."

எஸ்தர் நான்கு நாள் அலைந்தாள். ஐயம்பேட்டையில் ஒரு பைசல் கிடைத்தார். டெம்போ ஓட்டுகிறவர், வயது இருபத்திரண்டு. பத்திரம் எழுதியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். பாவம், அவரும் சொந்தக்காரர்களிடம் எல்லாம் விசாரித்துப் பார்த்திருக்கிறார்.

வீட்டை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று எஸ்தர் வந்த அன்றுதான் நான் திரும்பி வந்தேன். பத்திரத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அவள் அழுதுகொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். வெட்கமாகப் போயிற்று.

"தம்பி, இது ஆளு இல்லப்பா. கணக்கு தீந்துடுச்சுன்னு அர்த்தம். அந்தக் கால ஆளுங்க பணத்த வாங்கிக்கினு இப்படித்தான் எழுதிக் குடுப்பாங்க."

கார்த்திக்கின் முகம் சிவந்தது. ஆனாலும் கெட்டிக்காரர். பணம் வந்ததாக அடமானப் பத்திரத்தின் பின்னாலேயே எழுதிக் கொடுத்தால் அதைப் பதிவு செய்யாவிட்டாலும் செல்லும் என்ற பிரிவை அரை மணியில் எடுத்துவிட்டார்.

மகனைச் சமரசத்துக்கு வரவழைத்தோம். முன்பக்கம் அவர் அப்பா போட்டிருந்த கையெழுத்தையும் பின்பக்கத்துக் கையெழுத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா கையெழுத்துதான்" என்றார்.

அடுத்த வாரம் அவரே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிந்து கொடுத்தார். வில்லங்கம் நீங்கியது. எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

எஸ்தர் வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

"எங்கப்பா பொய் சொல்லிட்டு செத்துட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்கா. அதான் தாங்க முடியல."

அதன்பிறகு எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கடனைக் கட்டிவிட்டேன் என்று செத்தவர் சொன்னதாக வாரிசு வந்து சொன்னால், முதலில் அதை நம்புகிறோம். அப்புறம்தான் பத்திரத்தைப் பிரிக்கிறோம்.