வலிப்பு கிளம்பும் இடம்

தங்கைக்கு வலிப்பு வர ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் போனபின் மந்தைவெளி வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் குளிக்கும்போது கதவைத் தாழிட விடமாட்டேன். வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். தெருவில் விழுந்தால் யாராவது ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடுமாம். வலிப்பு தானாக அடங்கும். பேர் வாங்குவது சாவி. "ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. வலிப்பு மூளையில் எங்கே கிளம்புகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. போன மாதம் அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், மண்டையில் துளை போட்டு மெல்லிய கம்பிகளை உள்ளே இறக்கினார்கள். ஒரு வாரம் கட்டிலோடு கிடந்தாள். பிறகு ஒவ்வொரு கம்பி வழியாகவும் துளி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள்.

ஏழாவது கம்பியில், "ண்ணா, காதுல அந்த ரீங்காரம் வருது" என்றாள். வலிப்புக்கு முன்னால் அவளுக்கு மட்டும் கேட்கும் ரீங்காரம் அது. மின்சாரத்தை நிறுத்தியதும் அடங்கிவிட்டது. இடம் கிடைத்துவிட்டது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே கம்பியில் இன்னொரு சோதனை. படம் காட்டிப் பெயர் கேட்டார்கள். குடை என்றாள், பூட்டு என்றாள். அடுத்த படத்தைக் காட்டும்போது மின்சாரம் விட்டார்கள். தலை வாருவதுபோல் கையை ஆட்டினாள். வாயில் வார்த்தை வரவில்லை. நிறுத்தியதும் "சீப்பு" என்றாள். வேறு வேறு படங்கள் காட்டி மூன்று முறை பார்த்தார்கள். மூன்று முறையும் அப்படியே.

"பேச்சும் அங்கேயேதான் இருக்கு. வெட்ட முடியாது" என்றார் டாக்டரம்மா. "சின்னக் கருவி வெச்சு, அப்பப்ப லேசா மின்சாரம் குடுக்கலாம். மூளை செல்லுங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து துள்ளுறதை அது கலைச்சுவிடும். வலிப்பு குறையும். நின்னுடும்னு சொல்ல முடியாது."

டாக்டரம்மா வெளியே போனதும் தங்கை சொன்னாள்: "வெட்டிடச் சொல்லுண்ணா. பேச்சு போனா இன்னா? நீயாச்சும் நிம்மதியா இருப்ப."

"பைத்தியமா உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், இவ்வளவு கோபம் எதற்கென்று அவளுக்குப் புரிந்திருக்காது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.