வலது கைப் பாசம்

என் கணவர் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு அடுத்த வருடம் சென்னையிலிருக்கும் எங்கள் மகன், அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொல்லி, தன் லாப்ரடாரைக் காரில் ஏற்றிவந்து தென்காசியில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். பேரனைக்கூட அவன் இவ்வளவு நம்பி எங்களிடம் விட்டதில்லை.

“வீட்டுக்குள்ள ஏத்தப்பிடாது, சொல்லிட்டேன்” என்றார் இவர். ஒரே வாரத்தில் நாய் அவர் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது.

சாரல் தொடங்கியதும் அவர் தினமும் மாலையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் குற்றாலம் கிளம்பிவிடுவார். “ஐந்தருவில கூட்டம் இல்லையாம். தலைய நனைச்சிட்டு வாரேன்” என்பார். ஏழு மணிக்குத் திரும்பி வரும்போது நாய் கேட்டிலேயே நிற்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவார். விரல், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று நாய் ஒன்று விடாமல் நக்கும். நான் பாத்திரம் தேய்ப்பதில்கூட அத்தனை சிரத்தை கிடையாது. அவர் கண்களை மூடிக்கொண்டு, அபிஷேகம் நடக்கும் சாமி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

“பாத்தியாட்டி, எப்படி நக்குதான்னு. ரெண்டு மணி நேரம் என்னையக் காணலன்னா தாங்க மாட்டேங்கான். இதாம் பாசம்.”

பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பண்பொழிக்குக் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் அடுத்த இலைக்காரர் என்று யாரையும் அவர் விடவில்லை. “மனுசங்ககிட்ட இது கெடையாது பாத்துக்கிடுங்க” என்று முடிப்பார். மனுசங்க என்று சொல்லும்போது பார்வை என் பக்கம் வந்து போகும்.

முப்பத்தைந்து வருடமாக அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் சோற்றைச் சூடாக்கிப் போட்டிருக்கிறேன். அவர் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். “இவளுக்கு என் மேல பாசம்” என்று அவர் ஒரு பால்காரரிடமும் சொன்னதில்லை. நானும் அவர் கையை நக்கியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் பங்கும் இதில் உண்டு. காலையில் நான் காய் நறுக்க உட்கார்ந்தால் நாய் வந்து என் குதிகாலை நக்கும். மஸ்கட்டிலிருக்கும் மகளிடம் போனில், “இந்த வீட்டுல எங்கஷ்டம் தெரிஞ்சது அது ஒண்ணுதாம்ட்டி” என்று சொன்னேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவள், “சரிம்மா, அடுப்புல பால் இருக்கு” என்று போனை வைத்துவிட்டாள்.

ஒருநாள் நாய் காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். சின்ன வயதுப் பெண். அவர் நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் தன் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். நாய் நக்குவதையும், பாசத்தையும், மனிதர்களிடம் அது இல்லாததையும் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்போது நாய் தரையில் வாந்தி எடுத்தது. மருத்துவர் குனிந்து குச்சியால் கிளறிப் பார்த்தார்.

“கோழி எலும்பு. வீட்ல சிக்கன் போடுவீங்களா?”

“எங்க வீட்டுல ஆறு மாசமா கோழியே கெடையாது. இவங்களுக்குக் கொழுப்பு கூடிப்போச்சுன்னு டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு” என்றேன்.

சுவரில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி ஒரு அட்டை தொங்கியது. என் கணவர் அதை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தார்.

“எந்தக் கைய சார் நக்குது?” என்றார் மருத்துவர்.

“வலது கை” என்று நான் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. இடது கையை அது ஒருநாளும் சீண்டியதில்லை.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “பிரியத்துலயும் நக்கும் சார். குட்டியில தாய் வாயை நக்கித்தான் சாப்பாடு கேக்கும், அந்தப் பழக்கம். வேர்வை உப்புக்கும் நக்கும். நக்கினா நாம கொஞ்சுறோம்ல, அதுக்காகவும் நக்கும். கையில சால்னா வாசம் இருந்தா கேக்கவே வேண்டாம்.”

நான் என் குதிகாலைப் பற்றிக் கேட்டேன்.

“பித்தவெடிப்புக்கு எதுவும் தடவுறீங்களாம்மா?”

“தேங்காண்ணெ.”

“அதான்.”

திரும்பும்போது ஆட்டோவிலேயே விசாரணையை வைத்தேன். ஊரையெல்லாம் விசாரித்தவர் இரண்டாவது கேள்வியில் ஒப்புக்கொண்டார்.

“எத்தன பரோட்டா?”

“ரெண்டு.”

“உள்ளதச் சொல்லுங்க.”

“நாலு. கோழி வறுவல் ஒண்ணு. எலும்ப வீணாக்க மனசு வரல, இவனுக்குக் கொண்டாந்தேன்.”

“அருவி?”

“பரோட்டா கடைக் குழாய்ல துண்ட நனைச்சுக்கிடுவேன்.”

மறுநாளிலிருந்து குற்றாலம் நின்றது. நாய் மூன்று நாளில் தேறிவிட்டது. மாலையில் வந்து அவர் கையை மோந்து பார்த்து, மரியாதைக்கு ஒரு நக்கு நக்கிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டது. “நன்றி கெட்ட நாயி” என்றார். அவர் முகம் வாடித்தான் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகிரியிலிருந்து அவர் தம்பியும் தம்பி மனைவியும் வந்தார்கள். இவர் பழக்கதோஷத்தில் நாயைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். அது மோந்து பார்த்துவிட்டு, வடை தின்ற கையோடு உட்கார்ந்திருந்த தம்பியிடம் போய் நக்கியது. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி இவர் எழுந்து போனார். நான் பின்னாலேயே போனேன். நெய் பாட்டிலுக்குள் விரல் இருந்தது.

“என்ன செய்யுதீங்க?”

“கை வறண்டு போச்சி.”

திரும்பி வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். நாய் ஓடிவந்து உயிரைக் கொடுத்து நக்கியது. “அத்தான் மேல உசுரால்லா இருக்கு” என்றாள் தம்பி மனைவி. நான் வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அன்று காலையில் நானும் குதிகாலில் எண்ணெயை வழக்கத்தைவிடத் தாராளமாகத்தான் தடவியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு குறைந்திருந்தது. டாக்டர் பாராட்டினார். “தெனமும் அருவில குளிக்கேன்லா” என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

மாலையில் போக இடமில்லாததால் இப்போது அடுக்களையில் வந்து உட்காருகிறார். நேற்று ஒரு கிண்ணம் பூண்டை முன்னால் வைத்தேன். பத்துப் பல் உரித்திருப்பார், நாய் வந்து அவர் கையை மோந்து பார்த்து, இரண்டு தும்மல் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டது.

“பூண்டு வாடை அவனுக்குப் பிடிக்கல போலுக்கு” என்றார்.

“எனக்கும்தான் பிடிக்காது. முப்பத்தஞ்சு வருசமா உரிக்கேன்.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.