பொன்னேரியில் போட்ட இருநூறு ரூபாய்

பதினோரு வயதில் என் வாயை யாராவது வலை ஊசியால் தைத்துப் போட்டிருக்கலாம். ஊரில் வீட்டுக்கு நாலு வலை ஊசி கிடந்தது, ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிகப்பிரசங்கி என்று தலையில் ஒரு குட்டு வைத்திருந்தாலாவது புண்ணியமாய்ப் போயிருக்கும். அதற்கும் ஆளில்லை. ‘கணக்குல புலி’ என்று கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளியே கெடுத்தார்கள். இன்றைக்கும் யாராவது, மாதா மாதம் வங்கிக்கு அலைந்து கட்டி என்ன பிரயோஜனம், வர்ற வட்டி பஸ் காசுக்கே பத்தாது என்று என் காதுபடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னவர் மேல் இல்லை. இதையே அன்றைக்குச் சொன்ன ஒரு சனியன் மேல். அந்தச் சனியன் நான்தான்.

பசியாவரத்தில் எங்கள் வீடு. சுற்றிலும் ஏரி, படகேறினால்தான் பழவேற்காடு. நைனா அடுத்தவர் படகில் கூலிக்குப் போவார். அம்மா கையால் இறால் பிடிப்பவள். ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்து நனையத் தண்ணீரில் முழங்காலிட்டு ஊர்ந்து, சேற்றைக் கையால் துழாவி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். கெளுத்தி முள் குத்தும், சிப்பி கிழிக்கும். இத்தனையும் பட்டுக் கரையேறினால் அங்கே வியாபாரி நிற்பான். வெயில் ஏறினால் இறால் கெட்டுவிடும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவசரமே படமாட்டான். பீடி பிடிப்பான், போனில் சிரித்துப் பேசுவான். கடைசியில் அவன் சொன்ன விலைக்கே எல்லாப் பெண்களும் கொட்டிவிட்டுப் போவார்கள்.

“ஒரு ஐஸ் பொட்டி, ஒரு தராசு. அது மட்டும் என் கைல இருந்தா, இவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்டி. நேரா பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போயிடுவேன்” என்பாள் அம்மா.

அந்த ஐஸ் பெட்டிக்காகத்தான் பொன்னேரியில் ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கினாள். மாதம் இருநூறு, ஒரு வருடம் விடாமல் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள் நான். பெயரைச் சேர்த்து எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. கோடும் புள்ளியும் என் ஏற்பாடு, பெரிய மனுஷர்கள் அப்படித்தான் போடுவார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அம்மா என் சிலேட்டில் ஒரு வாரம் போட்டுப் பழகினாள். மாதத்தில் ஒரு நாள் ஏரிக்குப் போகாமல், நல்ல சேலை உடுத்திப் படகேறிப் போய்க் கட்டிவிட்டு வருவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளானால் என்னையும் கூட்டிப் போவாள். நைனாவுக்கு அவள் போவது தெரியும். என்னவோ அம்பதோ நூறோ போடுகிறாள் என்று விட்டுவிட்டார்.

பத்து மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோணிரேவிலிருந்து பெரியப்பா வந்தார். நைனாவின் அண்ணன். யாரோ பழைய படகு இன்ஜின் விற்கிறார்களாம், ஆளுக்கு இரண்டாயிரம் போட்டால் வாங்கிவிடலாமாம், அப்புறம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் முதலாளிகளாம். நைனா துட்டுக்கு எங்கே போவேன் என்று தலையைச் சொறிந்தார். பேச்சு அதோடு முடிந்திருக்கும். அம்மா இறால் குழம்பு வைத்திருந்தாள். பெரியப்பா திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, பொழுது போகாமல் என் பக்கம் திரும்பினார்.

“இன்னா பாப்பா, பெரிய கணக்குப் புலியாமே நீ? எங்க, ஒரு கணக்கு சொல்லு.”

கேட்டதுதான் தாமதம். அப்போதுதான் பள்ளியில் வட்டிக் கணக்கு முடித்திருந்தார்கள். வாய்க்கொழுப்பு என்னைச் சும்மா விடுமா? அம்மாவின் கணக்கையே எடுத்தேன். போக வரப் படகு பத்து ரூபாய், பஸ் பதினாறு, டீ நாலு. அன்றைக்கு இறால் பிடிக்காத நஷ்டம் நூற்றைம்பது. ஆக ஒரு தடவை போனால் நூற்று எண்பது. பன்னிரண்டு தடவைக்கு இரண்டாயிரத்து நூற்று அறுபது. மாதம் இருநூறு வீதம் கட்டினால் வருடக் கடைசியில் கிடைக்கிற வட்டியோ தொண்ணூறு ரூபாய்ச் சொச்சம். ஆகவே அம்மாவுக்கு மொத்தத்தில் நஷ்டம்! அதோடு விட்டேனா? படகை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் பழவேற்காட்டிலேயே ஒரு வங்கி இருக்கிறது, நைனா உட்காருகிற டீக்கடைக்குப் பக்கத்திலேயே. அதை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போவது சுத்த முட்டாள்தனம் என்று தீர்ப்பும் சொன்னேன்.

பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். நைனாவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மாசம் எவ்ளோ சொன்ன? இருநூறா? எத்தினி மாசமா?” என்று கேட்டார்.

பத்து மாதம், இரண்டாயிரம் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். கணக்கில் எங்கேயாவது தப்பு விட்டுவிட்டேனோ என்று மறுபடி ஒரு முறை கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் மூன்று பேரையும் பெரியப்பாவே பொன்னேரிக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பள்ளிக்கூடம் மட்டம், ஜன்னலோர சீட்டு, ஆரஞ்சு மிட்டாய். வங்கியில் இருந்தவர் நல்ல மனிதர். இன்னும் இரண்டே மாதம்தானம்மா, இப்போது முடித்தால் வட்டி குறையும், பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது நைனா. “கொழந்தையே சொல்லுது சார், நஷ்டம்னு.”

தாளை அம்மாவிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். வங்கிக்காரர் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துப்போகவில்லை என்றார். மறுபடி போட்டாள். அது இன்னும் கோணலாக வந்தது.

“கெளுத்தி குத்திட்சி சார், கை வர்ல” என்றாள் அம்மா. கையெழுத்துச் சேராமல் பணம் கொடுக்க முடியாது, கை ஆறியதும் வாருங்கள் என்று அவர் தாளை மடித்தார். நைனா பெரியப்பாவைப் பார்த்தார். அவ்வளவுதான், எழுந்து வெளியே வந்திருந்தால் முடிந்திருக்கும். பெரியப்பாவின் இன்ஜினுக்கு வேறு ஏமாளி கிடைத்திருப்பான், அம்மாவும் மீதி இரண்டு மாதத்தை எப்படியாவது ஓட்டியிருப்பாள்.

“இல்ல சார், குத்துனது போன மாசம். ஆறிப்போச்சி” என்றேன் நான். சொன்னதோடு நிற்காமல் நாற்காலியில் ஏறி நின்று அம்மாவின் விரலைப் பிடித்தேன். “கோடு இழும்மா. ரெண்டு புள்ளி வைக்கணும், மறந்துட்டியா? இப்டி...”

அவள் கை என் கைக்குள் கட்டை மாதிரி இருந்தது. நான் இழுத்த இழுப்புக்கு வந்தது. கோடும் புள்ளியும் அச்சு மாதிரி விழுந்தன. அந்த நல்ல மனிதர்கூடச் சிரித்து என்னை மெச்சினார். அம்மாவுக்கு மறந்து போயிற்று என்றுதான் சத்தியமாக நம்பினேன். வேண்டுமென்றே கோணலாய்ப் போடுகிறாள், அவளால் முடிந்த சண்டை அது ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த விரலை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

இன்ஜின் மூன்று வாரம் ஓடியது. பிறகு கரையில் கிடந்து துருப்பிடித்தது. பெரியப்பா அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அம்மா பறியைக் கவ்விக்கொண்டு ஏரிக்குப் போனாள், வியாபாரி பீடி பிடித்தான்.

என் கணக்கில் ஒரு கூட்டல் பிழைகூட இல்லை. இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பழவேற்காட்டு வங்கிக்குள் அம்மா காலடி வைத்தால், நைனாவின் டீ ஆறுவதற்குள் எவ்வளவு போட்டாள் என்று அவருக்குச் சேதி போய்விடும். பொன்னேரிக்கு அவர் போக வேண்டுமென்றால் படகு, பஸ், ஒரு நாள் கூலி நஷ்டம், எல்லாம் அவருக்கும் உண்டு. அந்தத் தூரத்தைத்தான் அம்மா மாதா மாதம் நூற்று எண்பது கொடுத்து வாங்கினாள். நான் அதைச் செலவுப் பக்கத்தில் எழுதினேன். வீட்டில் மண்பானையில் போட்டிருந்தால் அந்த இரண்டாயிரம் இரண்டு நாள் தங்கியிருக்குமா? இதெல்லாம் எனக்குப் புரிய இன்னும் பத்து வருடம் பிடித்தது. அதற்குள் அம்மாவின் முன்பல் இரண்டும் பறி கவ்வியே ஆடிப்போய் விழுந்துவிட்டன.

ஆனால் அம்மா விடவில்லை. கணக்கை முடித்த அடுத்த மாதமே ஒரு நாள் காலையில் நல்ல சேலை உடுத்திப் படகேறினாள். எங்கே என்று கேட்டேன். அத்தை வீட்டுக்கு என்றாள். எந்த அத்தை என்று சொல்லவில்லை. நானும் வர்றேன் என்று படகுவரை ஓடினேன்.

“நீ வாணாம். போய் படி” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கூட்டிப் போனதே இல்லை. மாதா மாதம் போனாள், மாதா மாதம் நான் கரையில் நின்றேன். எனக்கும் சேர்த்துப் படகுக்கும் பஸ்ஸுக்கும் ஆகிற காசை மிச்சம் பிடிக்கிறாள், ஒருவழியாக அம்மாவுக்கும் என்னால் கணக்கு வந்துவிட்டது என்று நினைத்து எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.