ஓட்டை பார்க்கிறவள்

நெசவாளர் சங்கத்தில் எனக்கு ‘ஓட்டை’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். “ஓட்டை வந்துட்டுதா?” என்று வாசலில் நிற்கும் நெசவாளர்கள் கேட்பார்கள். செவிலிமேட்டு பஸ் தாமதம் என்று நானே பதில் சொல்லிக்கொண்டு உள்ளே போவேன்.

பெயர் வந்தது வேலையால். பட்டுப் புடவையின் கரையில் வர வேண்டிய உருவத்தை டிசைனர் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார். அந்தக் கட்டங்களின்படி அட்டைகளில் ஓட்டை குத்துவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் தலையில் மாட்டினால், ஓட்டை உள்ள இடத்தில், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எழும். இல்லாத இடத்தில் எழாது. அன்னமும் மயிலும் இப்படித்தான் புடவைக்கு வருகின்றன. குத்தியதிலும் கோத்ததிலும் தப்பு இருக்கிறதா என்று பார்க்க என்னை எடுத்தார்கள். அட்டையில் இருக்கும் துளைக்கும் பெயர் ஓட்டை, வேலையில் இருக்கும் குறைக்கும் பெயர் ஓட்டை. இரண்டையும் பார்க்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நான் தறி இல்லாத வீட்டுப் பெண். மாகறல் பக்கம் எங்களுக்கு நிலம். கைத்தறித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, செவிலிமேட்டில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்கு வந்தேன். சின்ன வயதிலிருந்தே எதிலும் பிசகுதான் என் கண்ணில் முதலில் படும். என்னைப் பெண் பார்க்க வந்தவர் சட்டைப் பொத்தானை ஒரு கண் தள்ளிப் போட்டிருந்தார். காபி கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னேன். அவருடைய அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. அந்த வரன் அதோடு போயிற்று. “ஊர்ல ஒரு நல்லது உன் கண்ணுல படாதாடி?” என்றாள் அம்மா. நானும் அதை ஒரு வியாதி போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு நாள், புதிதாகக் கோத்த அட்டைச் சரத்தை ஜன்னலோரம் தொங்கவிட்டிருந்தார்கள். ஓட்டைகளின் வழியாக வெயில் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கரை நெடுக அன்னங்கள் நடப்பது தெரிந்தது. அவை எதிர்த் திசையில் நடந்தன. கல்யாணப் புடவையில் அன்னம் முந்தியைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தில் ஒரு கண்டிப்பு. சொன்னேன்.

சங்கத்தில் அட்டை கோக்கும் அம்மாவுக்குக் கோபம். “இன்னாமா சொல்ற? வெறும் ஓட்டையப் பாத்து அன்னம் எந்தப் பக்கம் போவுதுன்னு சொல்லிடுவியா நீ? நம்பர் பாத்துதானே கோத்துக்கினு வரேன்?”

“நம்பரே தப்பா இருக்குதுமா.”

“கேட்டுக்குங்கப்பா. ஜோசியம் சொல்றா.”

எல்லோரும் சிரித்தார்கள். சரம் தறிக்குப் போனது. ஒரு சாண் நெய்த பிறகு அன்னங்கள் முந்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. டிசைனர் அட்டை எண்களை அன்னத்தின் தலையிலிருந்து போடாமல் வாலிலிருந்து போட்டிருந்தார். நெய்ததைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு என் கண்ணில் படாமல் ஒரு சரமும் வெளியே போகவில்லை. அந்த அம்மாவே “ஓட்டை பாத்துட்டுதா?” என்று கேட்டுத்தான் கட்டிக் கொடுப்பார்.

என்னிடம் ஒன்று இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்த சமயம் அது. அதை வளர்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் அட்டையைத் தடவி உருவத்தைச் சொல்லப் பழகினேன். எந்த இடத்தில் ஜரிகை பாவு நூலில் கட்டுப்படாமல் மேலே தளர்ந்து மிதக்கும், எது கால் மெட்டியில் மாட்டி இழுக்கும் என்று தாளிலேயே கண்டுபிடிக்கப் பழகினேன். படித்த படிப்பை விட இந்தப் பழக்கம்தான் என்னை மேலே கொண்டுபோகும் என்று நம்பினேன்.

டிசைனர் வேலையை விட்டு மெட்ராஸில் ஒரு கடைக்குப் போய்விட்டார். அவருடைய இடம் காலியானது. எனக்கு அந்த இடம் வேண்டும். மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

“நீயா?” என்றார். “நீ அங்க போயிட்டா ஓட்டைய யாரும்மா பாக்கறது?”

மூன்று காரணங்களோடு போயிருந்தேன். முதலாவது, அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு என்னிடம் இருக்கிறது. இரண்டாவது, வரையும்போதே தப்பில்லாமல் வரைந்துவிட்டால் பிறகு பார்ப்பதற்கு ஆளே வேண்டாம். மூன்றாவது, ஆசை. அதைச் சொல்லவில்லை.

ஒரு மயில் கரை வரைந்து வரச் சொன்னார். பல நாள் உட்கார்ந்து வரைந்தேன். அவர் அதை மேசையில் விரித்து, அங்கிருந்தவர்களையும் கூப்பிட்டார். ஒரு நெசவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“தப்பே இல்லியேப்பா இதுல.”

“தப்பு இல்ல,” என்றார் மேனேஜர். இரண்டு பேரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அட்டை கோக்கும் அம்மாதான் சொன்னார். “நல்லாத்தாம்மா இருக்குது. மயிலுதான், வாத்தியார் வந்துட்டாருன்னு எழுந்து நிக்கற பிள்ள மாரி நிக்குது.”

அவர்கள் சிரித்ததில் குரோதம் இல்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒரு குறையும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. இருக்கிற தப்பைத்தான் என் கண் பார்க்கும். இல்லாமல் போனது எது என்று அதற்குத் தெரியாது.

அந்த இடத்துக்கு நிர்வாகக் குழுவில் ஒருவருடைய தங்கை மகன் வந்தான். என்னை விடச் சின்னவன், டிப்ளமா கிடையாது. ஆனால் அவன் போட்ட மயில் கழுத்தைத் திருப்பி யாரையோ பார்த்தது. அதை அப்படியே நெய்யவும் முடியாது. கழுத்து முழுக்க ஜரிகை மிதந்தது. அம்மி மிதித்து முடிவதற்குள் மெட்டியில் மாட்டிக்கொண்டிருக்கும். நடுநடுவே கட்டு கொடுத்து, திருப்பம் கெடாமல், கழுத்தை முழுக்க மாற்றினேன். புடவை சங்கத்து ஷோகேஸில் ஏறியது. பார்க்க வந்தவர்கள் யார் போட்டது என்று கேட்டார்கள். அவனைக் காட்டினார்கள்.

நான் மறுபடியும் மேனேஜரிடம் போனேன். “அவன் வரைவான், நீ சரி பண்ணிடுவ,” என்றார். “அதாம்மா உன்னோட பலம். அத விட்டுட்டு வேற எதுக்கோ ஆசப்படறியே.” என் பலம் என்ன என்று எனக்கே எடுத்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் சொன்னது உண்மைதான். என் மேசைக்குத் திரும்பிப் போனேன்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. ஒரு நாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அக்கா, எப்டிக்கா பாக்கற? எனக்கும் சொல்லிக் குடுக்கா.”

எனக்கு யோசனை வந்தது. சொல்லிக்கொடுத்தால், வரைபவனும் அவன், பார்ப்பவனும் அவன், நான் எதற்கு? சொல்லிக்கொடுக்காவிட்டால் இந்த மேசையை விட்டு என்னை யாரும் எழுந்திருக்க விடமாட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்த டிசைனர் இடம் எனக்கு இல்லை. சொல்லிக்கொடுத்தேன். சரத்தை ஜன்னலில் தொங்கவிட்டேன். விரலைப் பிடித்து அட்டையில் வைத்தேன். ஒரு வாரம் வந்தான்.

“வெறும் ஓட்டையாத்தான்கா இருக்குது,” என்று சிரித்துவிட்டு எழுந்து போனான்.

அவனுக்கு இது வராதது யாருக்கும் குறையாகப் படவில்லை. அவனுக்கு வராததற்கு நான் இருக்கிறேன். எனக்கு வராததற்கு யாரையும் பக்கத்தில் உட்கார வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மேனேஜர் மட்டும் அவன் கற்றுக்கொள்ளாமல் எழுந்து போன விஷயத்தைக் கேள்விப்பட்டு, அடுத்த வாரமே என் மேசைக்கு மேலே ஒரு டியூப் லைட் போட்டுக் கொடுத்தார். மழைக்காலத்தில் ஜன்னல் வெளிச்சம் போதாதாம்.