ஞாபகக் குளிசைக்கு ஒரு நினைவூட்டல்

பதிவு செய்யப்படாத மருந்தொன்றை ஒருவருடைய சொந்தப் பாவனைக்காக நாட்டுக்குள் கொண்டுவருவதாயின், அவருக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியரின் கடிதத்தோடு முன்அனுமதி பெற வேண்டும். எங்கள் வைத்தியசாலையில் பிரதம லிகிதராக இருந்தபோது இந்த விதியைச் சுற்றறிக்கையாக்கி, ‘பணிப்பாளருக்காக’ என்று கையெழுத்திட்டவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, அதே விதியை மீறி வந்த ஒரு போத்தலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக் களஞ்சியத்தின் வாசலில் நின்றவனும் நான்தான்.

போத்தல் என் மூத்த சகோதரரான காக்காவுக்கு. அவர் வட்டை விதானை. சவளக்கடைப் பக்கத்து வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரை முறைப்படி பிரித்துவிட, விவசாயிகள் போகத்துக்குப் போகம் கூடித் தெரிவு செய்கிற ஆள். யாருக்கு எந்த நாள் என்பதை அவர் ஒருபோதும் எழுதி வைத்ததில்லை. அந்த மாரிப்போகத்தில் ஒரு வயலுக்கு இரண்டு தரம் தண்ணீர் விட்டு, பக்கத்து வயலைக் காயவிட்டார். அடுத்த கூட்டத்தில் வேறு ஆளைப் போடுவோம் என்று கதை எழுந்தது. அந்தப் பொறுப்புப் போனால் காக்கா வீட்டோடு முடங்கிவிடுவார். கட்டாரில் இருந்த அவருடைய மகள், ஞாபகசக்தியைக் கூட்டும் புதுக் குளிசை என்று இணையத்தில் கண்டு, ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டாள்.

களஞ்சியத்துக்குப் பொறுப்பான மருந்தாளரை நாங்கள் மிஸ் என்போம். காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். என் வேலைக் காலத்தில் நான் அனுப்பிய சுற்றறிக்கைகளை உண்மையிலேயே வாசித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். அவர் தலையாட்டினால் எனக்குப் போதும். அவரோ என்னை நிற்கவைத்துவிட்டுக் கணினியில் அரை மணித்தியாலம் தேடினார்.

“எலிக்கு நல்லம் சேர். காக்காக்கு வால் இருந்தா யோசிக்கலாம்.”

மனிதரில் பார்த்தது மிகக் கொஞ்சம், அதையும் விற்பவர்களே சொல்கிறார்கள் என்று விளக்கினார். சுற்றறிக்கையையும் எடுத்துக் காட்டினார். “கையெழுத்து உங்கடதான்.”

பிறகு என்னைக் கொண்டே தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார். எத்தனை மனிதர் எடுத்தார்கள், எவ்வளவு காலம், அவர்களில் வயதானோர் உண்டா, யாருக்காவது கெடுதி வந்ததா என்று நான்கு கேள்விகள். ஒரு மாதம் கழித்து முதலாம் நினைவூட்டலும், அதன் பிறகு இரண்டாம் நினைவூட்டலும் அனுப்பினோம். ஞாபக மருந்து விற்பவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப நேர்ந்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆனால் மிஸ் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கடிதம் போன மறுநாளே காக்காவைக் கூட்டிவரச் சொன்னார். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று நானும் கேட்டிருந்தேன், கிளினிக்கிலும் கேட்டிருந்தார்கள். ஒன்றுமில்லை என்பதே எப்போதும் அவருடைய பதில். மிஸ் ‘மருந்து’ என்ற சொல்லை விட்டுவிட்டுக் கேட்டார்.

“காக்கா, ஒரு நாளைக்கு என்னென்ன விழுங்குறீங்க?”

“சோறு, தேத்தண்ணி. தும்மலுக்கு ரெண்டு குளிச.”

“எத்தின வருசமா?”

“அது ஆருக்குத் தெரியும் மகள்? நெல்லுத் தூசி ஒத்துக்கொள்றல்ல. வெட்டுக் காலத்தில நாலும் போடுவன். அதெல்லாம் மருந்தா?”

கடையில் கேட்டவுடன் கிடைக்கும், தூக்கம் வரவைக்கும் அந்தப் பழைய குளிசை வயதானவர்களின் ஞாபகத்தையும் மங்கவைக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. மிஸ் அதைத் தானாக நிறுத்தவில்லை. வைத்தியருக்குக் குறிப்பு எழுதினார். அவர் குளிசையை நிறுத்தி, மூக்குக்கு அடிக்கும் மருந்து கொடுத்தார். தும்மித் தும்மி எங்கள் இருவரையும் ஏசிய காக்கா, சில கிழமைகளில் ஏசுவதற்குப் பழைய காரணங்களையும் நினைவிலிருந்து எடுக்கத் தொடங்கினார். பேரப்பிள்ளைகளின் பெயர்களை இன்றும் மாற்றித்தான் கூப்பிடுகிறார். நோயெல்லாம் தீர்ந்தது என்று மிஸ்ஸும் ஒருபோதும் சொன்னதில்லை.

புதிதாக ஒன்றைக் கொடுத்துப் பேர் வாங்குவது எளிது. எதையும் கொடுக்காமல், இருந்ததில் ஒன்றை எடுத்துவிட்டு அமைதியாக இருந்தவர் அவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை நடந்த சிறுபோகக் கூட்டத்தில், வயல் காய்ந்துபோன மனிதர் எழுந்து, தன் முறை எந்த நாள் என்று விதானையார் சொல்லட்டும் என்றார். காக்கா வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசி வரை வயல்காரர்களை வரிசையாகச் சொன்னார். எழுந்து கேட்டவருடைய பெயரை மட்டும் இடம் மாற்றி முதலில் வைத்தார்.

“போன போகம் உன்ட வயலக் காயவிட்டது நான். இந்த முறை முதல் தண்ணி உனக்கு.”

காக்காவையே மறுபடி விதானையாகத் தெரிவு செய்தபோது, எதிர்த்துக் கையுயர்த்த ஆளில்லை.

மனிதரில் போதிய சான்று இன்னும் இல்லை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்ற தயாரிப்பாளரின் பதில் மிஸ்ஸின் கைக்கு வந்ததும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.