பன்னிரண்டு மணிப் பேன்

எங்கள் கோயில் மணி உச்சி வெயிலில் அடிக்கும்போது முதலில் காதில் கேட்காது, பல்லில்தான் கேட்கும். கடைவாய்ப் பல்லைக் கூசவைத்துவிட்டு அதன்பிறகே அது காதுக்கு வரும். மும்மூன்றாக விட்டுவிட்டு அடித்து, கடைசியில் ஒரு கொத்தாகப் பொழிந்து ஓயும் அந்த மணி காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் ஒலிக்கும். ஒலித்தால், கரும்புக் கொல்லையில் சோகை உரித்துக்கொண்டிருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரியோடு குடுமிப்பிடிச் சண்டையில் இருந்தாலும் சரி, போட்டது போட்டபடி நின்று, நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை அடையாளம் போட்டு, 'மூவேளை செபம்' சொல்லி முடித்த பிறகுதான் மிச்சச் சண்டையைத் தொடரவேண்டும் என்பது சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் காலனியின் ஒழுங்கு. நான் தவழ்கிற காலத்திலேயே என் மணிக்கட்டைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோய்ப் பழக்கியவள் என் அம்மா. "மணி அடிச்சா கை தானா போவணும், மூளைய கேட்டுக்கினு நிக்கக் கூடாது" என்பாள். அவள் நினைத்தபடியே ஆயிற்று. எனக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது; மூளை வளர்ந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை, கை மட்டும் போய்விடுகிறது. போகிற கை பாதி வழியில் என்ன செய்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எனக்கு இரண்டு பெயர். கோயிலில் சூசை, பள்ளிக்கூடத்தில் ஏழுமலை. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எங்கள் காலனியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், ஊருக்கே தெரியும். காலனியில் பிறந்தவன் இந்துவாக இருக்கும்வரை அரசாங்கத்தின் ஆதிதிராவிடர் பட்டியலில் இருப்பான். கிறிஸ்தவன் என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பட்டியலிலிருந்து கழன்றுவிடுவான், உதவித்தொகை, விடுதி, நாளைக்கு ஒரு வேலை என்று எல்லாமும் அவனோடு சேர்ந்து கழன்றுவிடும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டிக் கைரேகை அழிந்துபோன என் அப்பாவுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு சந்தேகம் உண்டு. வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே அதைக் கேட்பார்: "டீக்கடையில எனக்குத் தனி கிளாஸ் எடுத்து வெக்கிறான் பாரு, நீ கிறிஸ்டியனாச்சே, ஒனக்கு வேணாம்னு என்னைக்காவது கம்மி பண்ணிக்கினானா? அவன் பார்வையில மாறாத நானு, ஆபீசர் பார்வையில மட்டும் எப்பிடிய்யா மாறிப் போறன்?" இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோயிலிலேயே காலனிக்காரர்களுக்கு என்று ஒரு ஓரம் இருந்ததால் அங்கேயும் போய்க் கேட்க முடியவில்லை. ஆகவே அம்மா என்னைச் 'சூசை' என்று கூப்பிட்டாள், வாத்தியார் 'ஏழுமலை' என்று கூப்பிட்டார், அப்பா வம்பே வேண்டாம் என்று 'டேய்' என்று கூப்பிட்டார். நான் மூன்று பேருக்கும் திரும்பிப் பார்த்தேன்.

படித்ததோ கன்னியர் மடம் நடத்திய பள்ளிக்கூடம். தினமும் முதல் மணிநேரத்தில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உள்ளே 'ஞானோபதேசம்', மற்றவர்களுக்கு வெளியே வேப்பமரத்தடியில் 'நன்னெறி'. சர்ச்சிலே பிறந்து வளர்ந்த நாங்கள் வேப்பமரத்தடிக்குப் போவோம். பொய் பேசக் கூடாது என்று எங்களுக்கு அங்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

உள்ளே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் சடையன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து பள்ளியின் போர்டிங்கில் தங்கிப் படித்தவன். மலையாளி என்று சொல்லப்படும் மலைப் பழங்குடி, கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் வீட்டார் சில காலம் முன்புதான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். பழங்குடிக்கு மட்டும் சட்டம் வேறு மாதிரி, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவன் சலுகை அவனை விட்டுப் போகாது. அதனால் சடையன் பகலிலும் கிறிஸ்தவனாக இருந்தான். "ஏண்டா ஏழுமலை, நீ ஞாயித்துக்கெழம மட்டும் சூசையாடா? திங்கக்கெழம எங்கடா போயிட்றான் அவன்?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்கும் சிரிப்பு வரும். அழுகை வரவேண்டிய இடங்களில் சிரிப்பு வருகிற வியாதி அப்போதே தொடங்கிவிட்டது.

நான் நாலாவது படித்த வருடம் 'புதுநன்மை' வந்தது. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு; பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் காகிதப்பூ முடியும் கையில் மெழுகுவத்தியுமாகக் கடைத்தெரு வழியாகப் பவனி போவார்கள், பிறகு கோயில் வாசலில் சாமியாரை, அதாவது பாதிரியாரை, நடுவில் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுப்பார்கள். அம்மா அந்தப் போட்டோவுக்காகவே என்னைப் பெற்றவள் போல இருந்தாள். வேண்டிக்கொண்டு, சங்கராபுரத்தில் துணி எடுத்து, சட்டையும் தைத்து வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் கற்றுத்தரும் கோயில் உபதேசியாரிடம் போய்ச் செபங்களை எல்லாம் நானும் ஒப்பித்து முடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான், உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளை நேரில் பார்க்கக் கடலூரிலிருந்து அதிகாரி வரப்போகிறார் என்று செய்தி வந்தது.

அவர் வருகிற நாள் காலையில் அப்பா என்னைப் பிடித்து உட்காரவைத்து, கழுத்துக் கயிற்றில் கிடந்த மாதா படத்துணியை, உத்தரியத்தை, கழற்றிவிட்டு, பக்கத்துத் தெருவில் கேட்டு வாங்கிவந்த திருநீற்றை நெற்றியில் மூன்று பட்டையாகப் பூசினார். பழக்கமில்லாத கை, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "அத நம்பிப் பூசறவங்க இருக்காங்கய்யா. நீ வேஷத்துக்குப் பூசாத, ரெண்டு சாமிக்கும் ஆவாது." அப்பா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேர் கேட்டா இன்னா சொல்லுவ?" என்றார். "ஏழுமலைங்க." "அப்பன் பேரு?" நான் திகைத்துவிட்டேன். அவருக்கும் இரண்டு பெயர், எதை என்று சொல்லித் தரவே இல்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வராந்தாவில் எங்கள் காலனிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். எல்லார் நெற்றியிலும் சுண்ணாம்பு. அதிகாரி நல்ல மனிதர், அதட்டாமல் ஒவ்வொருவராகப் பெயரும் அப்பா தொழிலும் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு இரண்டு ஆள் முன்னால் வந்தபோது மணி அடித்தது. பன்னிரண்டு. முதலில் பல்லில் கேட்டது. நான் எதையும் நினைக்கவில்லை, அம்மா பழக்கிய கை தானாகக் கிளம்பிவிட்டது. விரல் நெற்றியில் பட்டது, திருநீறு ஒட்டியது, அப்போதுதான் மூளை விழித்துக்கொண்டு ஐயோ என்று அலறியது. கையை இறக்கவும் பயம், இறக்காமல் இருக்கவும் பயம். என் உடம்பில் அன்றைக்கு வேலை செய்த ஒரே புத்திசாலி விரல்நகம்தான். அது நெற்றிக்கு மேலே தலைக்குள் புகுந்து சொறிய ஆரம்பித்தது. ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தேன். பச்சையம்மா சொறிந்துகொண்டிருந்தாள், கோயிலில் அவள் செசிலி. அவளுக்கு அப்பால் நின்றவனும் சொறிந்தான். வரிசை முழுவதும், உச்சி வெயிலில், கோயில் மணிக்குத் தாளம் போடுவதுபோல் காலனிப் பிள்ளைகள் எல்லாரும் நெற்றிக்குப் போன கையால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். தலைமையாசிரியை சிஸ்டர் ஓட்டுக்கூரையில் எதையோ தேடினார். எதிரே போர்டிங் பிள்ளைகள் நடுவில் சடையன் மட்டும் நிதானமாக, அகலமாக, துணி அளக்கிற மாதிரி ஒரு சிலுவை போட்டு, கண்ணை மூடி, ஊருக்கே கேட்கும்படி செபம் சொன்னான்.

மணி ஓயும்வரை அதிகாரி வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சிஸ்டர், இந்த வரிசையில பேன் ஜாஸ்தி போல இருக்குது. மருந்து கிருந்து போடச் சொல்லுங்க" என்றார். கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜீப்பில் ஏறும்போது அவரும் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டார் என்று சடையன் சத்தியம் செய்வான். சடையன் சத்தியம் செய்தால் நம்பக் கூடாது.

சாயங்காலம் காலனிக் குழாயடியில் இந்தக் கூத்தை நான் நடித்துக் காட்டினேன். அதிகாரி, சிஸ்டர், பச்சையம்மா, நான் என்று எல்லா வேஷமும் கட்டினேன். குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். என் வாழ்க்கையின் முதல் கைதட்டல் அது. சத்தம் கேட்டு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "பவனியும் வேணாம், போட்டோவும் வேணாம்" என்றார்.

"சாமியாரே பேர் எழுதிக்கினாரு" என்றாள் அம்மா.

"அவருக்கு இன்னா, மாத்தலாயி போயிக்கினே இருப்பாரு. போட்டோ செவுத்துலயே இருக்கும்."

"அப்ப சேசுநாதர் முன்னாடி எம்புள்ள யாருன்னு போயி நிக்கறது?"

"ஏழுமலைன்னே நிக்கட்டும். அவருக்குத் தெரியாததா? தெரியக் கூடாத ஆளு ஆபீசருதான்."

 அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்தது, அதுதான் அம்மாவால் தாங்க முடியாததாகவும் இருந்தது. ஆனால் வேண்டுதல் வேண்டுதல்தானே. கோயிலுக்கு என்று நேர்ந்து தைத்த சட்டை கோயிலுக்குள் போயே ஆகவேண்டும். மறுநாள் அதை மடித்து எடுத்துக்கொண்டு போர்டிங்குக்குப் போய்ச் சடையனுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அவனும் அந்த வருடம்தான் புதுநன்மை வாங்கினான். அவனுக்குச் சட்டை தைக்க மலையிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை.

பவனி அன்று நான் கடைத்தெருவில், நன்னெறி வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தேன். பாண்டு வாத்தியம், காகிதப்பூ, மெழுகுவத்திப் புகை. எங்கள் பக்கம் வந்ததும் சடையன் என்னைப் பார்த்துவிட்டான். "டேய், ஒஞ்சட்ட கழுத்தப் புடிக்குதுடா!" என்று பவனியிலிருந்தே கத்தினான். தெருவே திரும்பிப் பார்த்தது. "எனக்குப் புடிக்காதுடா, நீதான் எருமைக் கழுத்தன்!" என்று நானும் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கவைத்துவிட்டால் யாரும் முகத்தை உற்றுப் பார்ப்பதில்லை என்று அன்றைக்குக் கற்றேன். பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் இன்றுவரை உபயோகப்படுவது அது ஒன்றுதான்.

எனக்குப் புதுநன்மை கொடுத்தது அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. பூசை உடுப்புகள் வைக்கும் அறையில், பள்ளிக்கூடச் சீருடையில், முட்டிபோட இடமில்லாமல் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே சொருகிக்கொண்டு. சாமியார் மெதுவான குரலில் சொன்னார், நான் அதைவிட மெதுவாக 'ஆமென்' என்றேன். பக்கத்தில் அம்மா மட்டும். மற்றப் பிள்ளைகளுக்குப் பூசை முடிந்ததும் மடத்தில் இட்லியும் கேசரியும் கொடுத்திருந்தார்கள். எனக்கு அம்மா டீக்கடையில் ஒரு பன் வாங்கித் தந்தாள். வெளியே நின்று தின்றோம், உள்ளே உட்கார முடியாது. "சேசுநாதர் உள்ள வந்துட்டாருடா, இனிமே சிரிச்சிக்கினு திரியாத" என்றாள். அவள் எனக்குச் சொன்னதில் நான் மீறியது அதை மட்டும்தான்.

சடையன் என் சட்டையில் நிற்கும் போட்டோவில் ஒரு பிரதி எப்படியோ கேட்டு வாங்கி, எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவைத்தாள். வந்தவர்கள் "எதும்மா ஒம்புள்ள?" என்று கேட்டால் சட்டையைக் காட்டுவாள்.

இத்தனையும் செய்து காப்பாற்றிய ஏழுமலைக்கு வேலை கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். எழுதிய தேர்வுகள் எல்லாவற்றிலும் நான் தோற்றேன். சங்கராபுரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்; நாள் முழுக்க அடுத்தவர்களின் சாதிச் சான்றிதழ்களைப் பிரதி எடுப்பதுதான் தொழில். மகன் தாசில்தார் ஆவான் என்று நம்பிக்கொண்டே அப்பா போனார். அம்மாவும் போய்விட்டாள், என் பள்ளிக்கூடப் பெயரில்தான் சொந்தக்காரர்களுக்கு நோட்டீஸ் அடித்தோம், வருகிறவர்கள் குழம்பிவிடக் கூடாதே என்று. வேப்பமரம் போய் அங்கே சைக்கிள் நிறுத்துகிறார்கள். மணிக்கூண்டில் கயிறு இல்லை, மணியை இறக்கி ஷெட்டில் வைத்துவிட்டார்கள். இப்போது பன்னிரண்டு மணிக்கு அடிப்பது ஒலிபெருக்கியில் போடும் பதிவு, அது காதில் மட்டும்தான் கேட்கிறது, பல் கூசுவதில்லை.

எனக்கு ஒரே மகள், கயல்விழி. எந்தப் பக்கமும் காட்டிக்கொடுக்காத பெயராகப் பார்த்து ஒரே ஒரு பெயர்தான் வைத்தேன். கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை, செபம் சொல்லித் தரவில்லை, நெற்றியில் எதுவும் பூசவும் இல்லை. பெரியவளாகி அவளே தேடிக்கொள்ளட்டும் என்று வெளியே பெருந்தன்மையாகச் சொல்வேன். உண்மையில் அந்த வராந்தாவில் அவளையும் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

போன சனிக்கிழமை அவள் பள்ளி விடுமுறையில் கடையில் உட்கார்ந்து எனக்குத் தாள் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மலைமேல் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருக்கும் சடையன் ஏதோ நகல் எடுக்க வந்து கவுண்டருக்கு வெளியே நின்றான். ஒலிபெருக்கியில் மணி அடித்தது. சடையன் பழைய மாதிரியே அகலமாகச் சிலுவை போட்டான். என் கை கிளம்பி, நெற்றியைத் தொட்டு, வழக்கம்போல் தலைக்குள் புகுந்துகொண்டது. சடையன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தான். திரும்பினேன். கயல்விழி ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியை ஒரு விரலால் தொட்டு, பிறகு நிதானமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடா ஏழுமலை, புள்ளைக்குமா பேனு?" என்றான் சடையன்.

"பேன்லாம் இல்ல அங்கிள்" என்றாள் அவள், நிமிராமலே. "எங்க வூட்ல பன்னெண்டு மணிக்கு இப்பிடித்தான் பண்ணுவோம். அப்பாவுக்கு அவங்க அம்மா சொல்லிக் குடுத்ததாம்."

சடையன் வெடித்துச் சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துவைத்தேன், யாராவது ஒருவர் சிரிக்கவேண்டுமே.